அறையில் இருந்த இரண்டாவது மூச்சு

மற்றவர்கள் தூங்குவதைக் கேட்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பத்தொன்பது வருடங்களாக இதுதான் என் வேலை. சிராங்கூன் ரோட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு மூக்கு தொண்டை கிளினிக்கில் ஸ்லீப் டெக்னீஷியன். நோயாளி அவர் வீட்டில் தூங்குவார். நான் மறுநாள் பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பால் சேர்க்காத கோப்பி ஓ குடித்துக்கொண்டே அவருடைய தூக்கத்தைக் கம்ப்யூட்டரில் பார்ப்பேன், தேவைப்பட்டால் ஹெட்போனில் கேட்பேன். பல்லைக் கடிப்பவர்கள், அழுபவர்கள், மேனேஜரைக் கெட்ட வார்த்தையில் திட்டுபவர்கள் எல்லாரையும் கேட்டாயிற்று. ஒரே ஒரு தடவைதான் பயந்திருக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைத் தண்ணீராவது மிச்சமாகும்.

1. அப்பா மூக்கு

ஷாமினிக்கு இருபத்தெட்டு வயது. பேங்கில் வேலை. அம்மா பார்வதியோடு வந்திருந்தாள். தோ பாயோ பேட்டை வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். பேசியதெல்லாம் அம்மா.

"டாக்டர், இவ குறட்டை விடுறா. சாதாரணக் குறட்டை இல்ல. அவங்க அப்பாவேதான். அதே மூக்கு, அதே சத்தம். போன வருஷம் அவர் தூக்கத்துலயே போயிட்டாரு. இவ சத்தத்தக் கேட்டா எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது."

"அம்மா, ப்ளீஸ் லா" என்றாள் ஷாமினி. பிறகு டாக்டரைப் பார்த்து, "எனக்குக் குறட்டை பத்தித் தெரியாது டாக்டர். ஆனா காலையில எழுந்தா தூங்குன மாதிரியே இருக்காது. மூச்சும் ஒரு பக்கம் அடைக்குது. அப்புறம் இந்த மேடு. செகண்டரி ஸ்கூல்லேர்ந்து இதை எடுக்கணும்னு ஆசை."

அவள் மூக்கின் நடுவில் ஒரு சின்ன மேடு இருந்தது. கைப்பையில் அம்மா வைத்திருந்த போட்டோவில் அப்பாவுக்கும் அதே இடத்தில் அதே மேடு.

எங்கள் சர்ஜன் டாக்டர் நசீர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ளே நடுத்தண்டு வளைஞ்சிருக்கு. அதை நேராக்கும்போதே மேட்டையும் சீவிடலாம். ஒரே மயக்கத்துல ரெண்டு வேலையும் முடிஞ்சிடும். ஆனா குறட்டை மூக்குலேர்ந்து வருதா, தொண்டையிலேர்ந்து வருதான்னு தெரியணும். தொண்டைன்னா அண்ணத்தையும் சேர்த்து டைட் பண்ணணும். மல்லிகா, ஒரு ஸ்லீப் டெஸ்ட் போடுங்க."

இதை இளையவர்கள் கவனிக்க வேண்டும். மூக்கை அழகாக்க வருகிறவருக்கு எதற்குத் தூக்கப் பரிசோதனை என்று பலர் நினைக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து சில நாட்களுக்கு மூக்கு வீங்கி அடைத்திருக்கும். தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு நிற்கிற ஆளாக இருந்தால் அந்த நாட்கள் ஆபத்து. எதை வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை டாக்டர் என் ரிப்போர்ட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்.

வீட்டில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டிய டெஸ்ட் கிட்டை ஷாமினிக்குக் காட்டினேன். மூக்குக்கு ஒரு டியூப், மார்புக்கு ஒரு பெல்ட், விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப், சத்தத்தைப் பதிவு செய்ய ஒரு மைக். ஃபாரத்தில் 'தனி அறையா?' என்று ஒரு கேள்வி உண்டு. "ஆமா அக்கா, தனியாத்தான்" என்றாள். டிக் போட்டேன்.

நான் விளக்கிக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில், பக்கத்து நாற்காலியில் பார்வதி அம்மா தலை தொங்கி, வாய் திறந்து தூங்கிவிட்டார். திடீரென்று யாரோ தொட்டதுபோல் தூக்கிவாரிப் போட்டு விழித்தார். ஸ்கூல் கேன்டீனில் கடை வைத்திருப்பவர், விடிவதற்கு முன்பே கிளம்புகிறவர், பாவம், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

2. பொருந்தாத கோடுகள்

முதல் பதிவைத் திறந்தபோது எரிச்சல்தான் வந்தது. சத்தத்தின் கோடு முழுக்கப் பெரிய பெரிய குறட்டை. ஆனால் மூக்கு டியூபின் கோட்டில் மூச்சு அமைதியாகப் போய் வருகிறது. ஆக்சிஜன் தொண்ணூற்றேழிலிருந்து அசையவில்லை. இவ்வளவு பெரிய குறட்டை விடுகிறவளின் மூச்சு இப்படியா இருக்கும்?

எங்கள் தொழிலில் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் முதலில் சென்சாரைத் திட்டுவோம். நானும் திட்டினேன். அன்றைக்கு இன்னும் ஆறு பேருடைய பதிவு காத்திருந்தது. ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்ட இரண்டு விநாடி ஆகியிருக்கும். மாட்டவில்லை. 'மைக் கோளாறு, மறுபடி எடுக்கவும்' என்று எழுதிவிட்டு அடுத்ததைத் திறந்தேன். அந்தச் சோம்பலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதனால் ஒரு வாரம் வீணாயிற்று. அந்த ஒரு வாரத்தில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

3. கதவுப்பிடி

அடுத்த வாரம் வேறு கிட் கொடுத்தோம். புதன்கிழமை காலை, வேலைக்குப் போகிற வழியில் ஷாமினி அதைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மதியம் சாப்பிட உட்காரும்போது பதிவைத் திறந்தேன்.

அதே கோடுகள். இரண்டு கிட்டுக்கும் ஒரே கோளாறு வராது. கையைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன்.

முதலில் மின்விசிறி. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் ஷாமினியின் மூச்சு, சின்னதாக, சீராக. தள்ளித் தள்ளி ஓட்டினேன், வெகுநேரம் அதுமட்டும்தான். பிறகு கதவுப்பிடி திரும்புகிற சத்தம். அவசரமில்லாமல், யாரும் விழிக்கக் கூடாது என்கிற கவனத்தோடு திரும்புகிற சத்தம். தரையில் எதையோ விரிக்கிறார்கள். பிறகு கொஞ்சம் தாழ்வாக, இன்னொரு மூச்சு.

தனியாகத்தான் படுக்கிறேன் என்றாளே.

அந்த இரண்டாவது மூச்சு குறட்டையாக மாறியது. ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. திரையில் விநாடிகளைப் பார்த்தேன். இருபது. முப்பது. ஷாமினியின் மூச்சு மட்டும் எதுவும் தெரியாமல் போய் வந்துகொண்டிருந்தது. நாற்பது. ஐம்பது. வாயில் இருந்த சோற்றை நான் மெல்லவில்லை. அறுபதைத் தாண்டி, தண்ணீருக்குள்ளிருந்து ஆளை இழுத்துப் போட்டதுபோல் ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை. மறுபடி நின்றது. இப்படியே மணிக்கணக்கில்.

ஒரு இழுப்புக்குப் பிறகு யாரோ விழித்துவிட்டார்கள். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கிசுகிசுப்பு, மிகத் தெளிவாக.

"அவள விட்டுடுங்க."

வெளியே பளீரென்று வெயில். கீழே தெருவில் காய்கறி லாரியிலிருந்து வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு மனிதர்கள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும் போலிருந்தது. ஆனாலும் கடைசிவரை ஓட்டினேன். கிட் நான்கு மணிக்குத் தானாக நின்றுவிடும். பதிவின் கடைசியில் குறட்டை நின்றது. இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது. அதோடு பதிவு முடிந்துவிட்டது. அந்த மூச்சு திரும்பி வந்ததா என்பது எனக்குத் தெரியாது.

4. ஒரு போன்

ஷாமினியின் ஆபீசுக்குப் போன் அடித்தேன்.

"உன் ரூம்ல யாரும்மா படுக்குறா?"

"யாருமில்லையே அக்கா. ஏன்?"

"அம்மா?"

"அவங்க அவங்க ரூம்ல. என்ன அக்கா, பயமுறுத்தாதீங்க லா."

"இன்னிக்குக் காலையில அம்மாவப் பார்த்தியா?"

"இல்ல. நான் எழும்போது அவங்க கேன்டீனுக்குப் போயிருப்பாங்க. ரூம் கதவு சாத்தியிருந்துச்சு." அவள் குரல் மாறிவிட்டது. "அக்கா, அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஒரு போன் போட்டுப் பாரு. இப்பவே."

அவள் போட்டாள். எடுக்கவில்லை. பள்ளிக்கூட ரீசஸ் நேரம், கூட்டமாக இருக்கும், போன் பையில் கிடக்கும் என்று அவளுக்கும் எனக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். காலையில் ஷாமினியின் அறைத் தரையில் யாரும் இல்லை என்றால் பார்வதி அம்மா எழுந்து போயிருக்கிறார் என்றுதானே பொருள்? புத்திக்குத் தெரிந்தது. எழுந்து தன் அறைக்குப் போய்ப் படுத்திருந்தால்? சாத்திய கதவுக்குப் பின்னால்? இருபது நிமிடம் சாப்பாட்டு டப்பாவை மூடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஷாமினி அடித்தாள். அழுகையும் கோபமுமாக இருந்தாள். "இருக்காங்க அக்கா. கடையில மீ ஹூன் நூடுல்ஸ் விக்கிறாங்களாம். எதுக்கு இத்தனை தடவ அடிச்சேன்னு என்னையத் திட்டுறாங்க."

நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

5. பார்வதி அம்மா சொன்னது

சாயங்காலமே இருவரையும் வரவழைத்தோம். டாக்டர் நசீர் குரலை உயர்த்தாமல் கேட்டார். "ராத்திரி மக ரூம்லயா படுக்குறீங்க?"

பார்வதி அம்மா மகளைப் பார்க்கவில்லை. "இவ தூங்குனதுக்கு அப்புறம் போவேன். இவ எழுந்திருக்குறதுக்குள்ள பாயச் சுருட்டிருவேன். தெரிஞ்சா கவலைப்படுவா."

"ஏம்மா?" என்றாள் ஷாமினி.

"அவர் போன ஒரு வாரத்துல, எங்க கட்டில்ல படுத்திருந்தேன். பக்கத்துல அவர் குறட்டை. முழிச்சுக் கை வச்சுப் பார்த்தேன், தலகாணிதான் இருந்துச்சு. முழிச்சா சத்தம் நின்னுரும். கண்ணசந்தா மறுபடி வரும். தாங்க முடியாம இவ ரூமுக்கு வந்தேன். அங்கயும் வந்துச்சு. எழுந்து இவ மூஞ்சியப் பார்த்தேன். இருட்டுல அதே மூக்கு. அவர் இவகிட்ட வந்துட்டாரு, இவளையும் கூட்டிட்டுப் போயிடுவாரோன்னு நெனச்சேன். மூக்க மாத்திட்டா போயிடுவாருன்னு…"

முடிக்கவில்லை. தன் குறட்டையில் தானே விழித்து, அதை மகள் மேல் போட்டிருக்கிறார். அந்தச் சத்தத்தில் பாதித் தூக்கம் கலைந்து, மகள் களைத்துப்போயிருக்கிறாள். அவளுடைய அண்ணத்தைத் தைப்பதற்கு இரண்டு நாள்தான் பாக்கி. இரண்டாவது தடவையும் நான் ஹெட்போன் மாட்டாமல் இருந்திருந்தால் தைத்திருப்போம்.

"அது உங்க குறட்டைதாம்மா" என்றேன். "மூச்சு நின்னு நின்னு வருது. வைத்தியம் இருக்கு."

அவர் நம்பவில்லை. அவருக்கே கிட் மாட்டி அனுப்பி, ரிசல்ட்டைக் காட்டிய பிறகுதான் நம்பினார். ராத்திரி மூச்சு அடைக்காமல் காற்றுத் தள்ளுகிற மெஷினும் மாஸ்க்கும் கொடுத்தோம்.

ஷாமினியின் ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. அண்ணத்தைத் தொடவில்லை. தண்டும் மேடும் மட்டும். வேடிக்கை என்னவென்றால், மூக்கை மாற்றச் சொல்லி இழுத்து வந்த அம்மாவே கடைசி நாளில், "மேட்ட விட்டுடேன்டி, அப்பா ஞாபகமா இருக்கும்" என்று ஆரம்பித்தார். ஷாமினி ஒரே வார்த்தையில் முடித்தாள். "இது என் மூக்கும்மா." செய்துகொண்டாள். அழகாகவே இருக்கிறது.

6. இன்னொரு தடவை

இரண்டு மாதம் கழித்து மெஷின் செக்கப்புக்குப் பார்வதி அம்மா தனியாக வந்தார். ஒரு நாள்கூட விடாமல் போட்டிருக்கிறார். முகமே தெளிந்திருந்தது. "நல்லாத் தூங்குறேன்மா. சத்தமே இல்ல." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அந்த ரெக்கார்டிங் இருக்கா? ஒரு தடவ கேக்கணும். ஷாமினிகிட்ட கேட்டுட்டேன். சரின்னா."

ஷாமினியின் பதிவு என்பதால் அவளிடம் போனில் உறுதி செய்துகொண்டு, ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். முடிவில்லாத அந்தக் கடைசி ஐம்பது விநாடியைப் போடவில்லை. நடுவிலிருந்து, மூச்சு திரும்பி வருகிற ஓர் இடத்தைத் தேடிப் போட்டேன்.

குறட்டையைக் கேட்டதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். பிறகு அது நின்றது. சிரிப்பும் நின்றது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எந்த விநாடியில் மூச்சு வரும் என்று திரையைப் பார்த்த எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. "வரலையே" என்றார். "வரலையேம்மா." பிறகு வந்தது, அந்தப் பெரிய இழுப்பு.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவர் போன அன்னிக்கும் இப்படித்தான் நின்னுச்சு. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். அப்பாடா, இனிமே தூங்கலாம்னு திரும்பிப் படுத்துட்டேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய தப்பு இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான், அவருக்கு அப்போது என்ன தெரியும்? ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. படித்து, சம்பளம் வாங்கி, மைக் கோளாறு என்று எழுதியவள் நான்.

எங்கள் ஃபாரத்தில் இப்போது 'தனி அறையா?' என்ற கேள்வி இல்லை. வீட்டில் எத்தனை பேர், யார் எங்கே படுக்கிறார்கள், நடுவில் யாராவது எழுந்து வருவார்களா என்று கூட வந்தவரையும் சேர்த்துக் கேட்கிறோம். கோடு பொருந்தாவிட்டால் சென்சாரைத் திட்டுவதற்கு முன் ஹெட்போனை மாட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். குறட்டை சத்தமாக இருக்கும் இடத்தில் அல்ல, அது நின்ற இடத்தில் காது கொடுங்கள் என்று புதியவர்களிடம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரரும் நன்றாகவே குறட்டை விடுவார். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில் எனக்கு விழிப்பு வரும், முழங்கையால் ஒரு இடி கொடுப்பேன். இப்போது சத்தம் நின்றால்தான் விழிக்கிறேன். மறுபடி தொடங்கும்வரை விநாடிகளை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.