வைரவருக்குப் பின்னால் ஒரு போலித்தேள்

போலித்தேள் அரிசிமணியில் பாதியளவு பிராணி. தேளைப்போல இரண்டு இடுக்கிகள் உண்டு. வாலும் கொடுக்கும் இல்லை. எங்கள் பக்கத்துக் குகைகளில் அது இருப்பதாக எவரும் பதிந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கும் என் தங்கையின் மகள், இறக்கக்கண்டிக்கு அப்பால் வைரவர் கோயிலாக இருக்கும் குகையில், வௌவால் எச்சத்துக்குள் ஒன்றைக் கண்டாள். அது குஞ்சு. வளர்ந்த ஒன்று கிடைத்தால்தான் இன்ன இனமென்று எழுதலாம்.

மாவட்ட நிர்வாகக் கச்சேரியில் ஓய்வுபெற்றவன் என்பதால் அனுமதி எடுப்பது என் பொறுப்பானது. ஒரேயொரு நாளுக்குத் தந்தார்கள். முறைப்படி கிராமத்துக்கும் முன்னறிவித்தல் கொடுத்தேன். முறை தெரியாதவன் சும்மா போயிருப்பான்.

நாங்கள் போனபோது குகைவாசலில் மாவிலைத் தோரணம் தொங்கியது. உள்ளே சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. பூச்சிமருந்து மணத்தது. மீனவர் சங்கத் தலைவர் இளநீரோடு நின்றார்.

"கம்பஸ் ஆக்கள் வருகினம் எண்டு அறிவிச்சனீங்கள். அந்த ஊத்தைக்குள்ள உங்களை விடேலுமே, ஐயா?"

"வௌவால் எச்சம்?"

"மிளகாய்க்குப் பசளையாப் போட்டாச்சு."

மருமகள் இளநீரை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "மாமா, இனி ஒருத்தருக்கும் அறிவியாதேங்கோ."

பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தாள். வைரவர் கல்லுக்குப் பின்னால் மட்டும் எச்சம் கறுப்பாகக் கிடந்தது.

"அங்க ஏன் துப்பரவாக்கேல்லை?"

"பூசாரியைத் தவிர ஆரும் கை வைக்கக் கூடாது. அவருக்கு நாரிப்பிடிப்பு, குனியேலாது."

பூசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் முனகியபடி குனிந்து, அவள் கொடுத்த தூரிகையைக் கல்லுக்குப் பின்னால் விட்டுத் துழாவினார். கடைசியில் தூரிகை நுனியில் கபிலநிறமாக ஒன்று வந்தது. மருமகள் தூரிகையை வாங்கி உருப்பெருக்கும் வில்லையால் பார்த்தாள்.

"வளந்ததுதான்." அவள் குப்பியைத் திறந்தாள்.

"அது என்ன தண்ணி?" என்றார் பூசாரி.

"ஸ்பிரிட்."

"செத்துப்போகுமே?"

"ஓம்."

"கோயிலுக்குள்ள ஏலாது, பிள்ளை. வெளியில கொண்டுபோங்கோ."

இதற்கு மேன்முறையீடு செய்ய இடமில்லை. வெளியே கடற்காற்று வீசியது. ஒரு ஊதலுக்கு அந்தப் பிராணி போய்விடும். தலைவர் தோளில் கிடந்த துவாயை விரித்துப் பிடித்தார். மற்றப் பக்கம் நான் குடையை விரித்தேன். நடுவில் மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையோடு நடந்து, வாசலைத் தாண்டியதும் அதைக் குப்பிக்குள் தோய்த்தாள். பூசாரி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் ஐயா."

"அங்க இன்னும் ரெண்டு மூண்டு கிடக்கு. அதுகளைக் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டன். ஒண்டு காணும்," என்று மூடியை இறுக்கினாள்.