நாற்பத்திரண்டு உறைகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அசன் முகம்மதுவுக்கு ஒருவருக்கு மட்டும் ஒன்றைக் கொடுக்கத் தெரியாது. மகளுக்கு மிட்டாய் வாங்கினால் தெருவில் விளையாடும் அத்தனை பிள்ளைகளுக்கும் வாங்குவார். பெருநாளைக்குத் தன் வீட்டுத் தலையணைக்கு உறை தைத்தால் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் தைப்பார். "ஊருக்கெல்லாம் தைக்கிற மனுஷனுக்குத் தன் சட்டைக்குப் பட்டன் வைக்க நேரமில்ல" என்று மனைவி ஆயிஷா பீவி தலையில் அடித்துக்கொள்வாள். இந்தக் குணம்தான் ஒருநாள் ரமீஜாவைத் தலைகுனிய வைத்தது. ஆனால் குற்றம் முழுக்க அவளுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரமீஜா அவருக்கு ஒரே மகள். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். யாரோ ஒரு பெண் பென் டேப்லெட்டில் கலர் கலராக நோட்ஸ் எழுதும் வீடியோவைச் செல்போனில் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. பார்த்தால் வெறும் கறுப்புப் பலகை. லேப்டாப்பில் செருகி, அதற்கென்று உள்ள பேனாவால் எழுதினால், எழுத்து பலகையில் விழாமல் லேப்டாப் திரையில் விழும். வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நோட்டும் பேனாவும் இருக்க இது எதுக்கு என்று கேட்டுவிட்டால்? "காலேஜ்ல எல்லாரும் கட்டாயம் வாங்கணுமாம் அத்தா" என்று சொல்லிவிட்டாள். அசன் முகம்மது மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வாரமே வாங்கிக் கொடுத்தார்.

வகுப்பில் அவள் ஒருத்தியிடம்தான் அது இருந்தது. கண் திரையிலும் கை பலகையிலும் இருந்ததால் முதல் பத்து நாள் எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று. பிறகு கைக்குப் பழகிவிட்டது. தோழிகள் சூழ்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அரைப்பக்கக் கணக்கை ஒரே தட்டில் அழித்துக் காட்டுவாள். பெருமை பிடிபடவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது அத்தா கேட்டார். "ஒங்க கிளாஸ்ல மொத்தம் எத்தன பேரு?"

"நாப்பத்திரெண்டு பேரு அத்தா."

எதற்கென்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து, பாடம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பு வாசலில் அத்தா நின்றார். கையில் பெரிய துணிப்பை. சௌந்தரவல்லி மேடம் பாடத்தை நிறுத்திவிட்டு, "சொல்லுங்கய்யா" என்றார்.

"நான் ரமீஜாவோட அத்தா, டீச்சரம்மா. பிள்ளைக எல்லாம் அந்த எழுதுத பலகையத் தூக்கிட்டு பஸ்ஸுல வருதுக. கீறல் விழுந்துரும்லா? அதான் எல்லாருக்கும் உறை தச்சுக் கொண்டாந்திருக்கேன். நாப்பத்திரெண்டும் இருக்கு."

மேசைமேல் அடுக்க ஆரம்பித்தார். யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய கட்டம்போட்ட துணி, உள்ளே மெத்தென்று பஞ்சு, பேனா செருகத் தனியாக ஒரு பை. மகள் குளிக்கப் போன நேரத்தில் பலகையை அளவெடுத்திருக்கிறார்.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அது ஒங்க மகள்ட்ட மட்டுந்தானேய்யா இருக்கு. நாங்க யாரையும் வாங்கச் சொல்லலையே."

கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வகுப்பு முழுக்கப் பரவியது. அசன் முகம்மது மகளைப் பார்த்தார். ரமீஜா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவருக்கு விளங்கிவிட்டது.

"நாந்தான் தப்பா நெனச்சிக்கிட்டேன் டீச்சரம்மா. பிள்ள சரியாத்தான் சொல்லுச்சு. இந்த மிஷின் சமாச்சாரமெல்லாம் எனக்கு எங்க தெரியுது?" என்று தானும் சேர்ந்து சிரித்தார்.

உறைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் வைத்தார். நாற்பத்திரண்டையும் எடுத்து வைக்க நேரம் பிடித்தது. எழுந்து நின்று, "பொய் சொன்னது நான்தான்" என்று சொல்ல ரமீஜாவுக்கு அவ்வளவு நேரமும் இருந்தது. அவள் எழவில்லை. பெற்ற தகப்பனைப் பார்த்து ஊரே சிரிக்க, வாயில் கொழுக்கட்டையை அடைத்தவள் போல உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னதைவிட இது கேவலம் என்று அவளுக்கே தெரிந்தது.

சாயங்காலம் ரமீஜா வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அத்தாவிடம் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னங்க, பிள்ளைகளுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"அம்புட்டுப் பிள்ளைகளும் வாங்கிக்கிடுச்சு. டீச்சரம்மாவும் நல்லாருக்குன்னு சொன்னாவ" என்றார் அத்தா, மகள் பக்கம் திரும்பாமல். துணிப்பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

தனக்காக அவர் வாயிலும் பொய் வந்துவிட்டதே என்று ரமீஜா கூசிப்போனாள். அதற்குமேல் தாங்கவில்லை.

"இல்லம்மா, யாரும் வாங்கல. காலேஜ்ல கட்டாயம்னு நாந்தான் பொய் சொன்னேன். எல்லாரும் அத்தாவப் பாத்துச் சிரிச்சாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

ஆயிஷா பீவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். அத்தா நாலு வார்த்தை ஏசிவிட்டால் தேவலை என்று ரமீஜாவுக்கு இருந்தது.

"சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போகட்டும்" என்றார். "ஆசையா இருக்குன்னு சொல்லியிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டேனா? என்னையப் பாத்தா அப்படிப்பட்ட ஆளாவா தெரியுது?"

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல், பதிலுக்காக மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.