ஏழைச் சட்டை

பல்கலைக்கழக நன்கொடைப் பிரிவில் அவருக்குப் பெயரே படக்காரர்தான். கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளை வருஷா வருஷம் படம் பிடிப்பார். அது, போன வருஷம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலோடு புத்தகமாகிப் பணக்காரர் வீடுகளுக்குப் போகும். அவர்கள் மனசு இளகும், பணம் வரும்.

அவர் அறை அலமாரியில் ஒரு சட்டை தொங்கும். காலர் கிழிந்தது. என்ன நிறம் என்று கடவுளுக்கே தெரியாது. ஆணோ பெண்ணோ, படத்துக்கு நிற்கிறவர் அதை மாட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒன்பது வருஷமாய்ச் சோப்பைக் கண்டதில்லை. "துவைச்சா வறுமை போயிடும்யா," என்பார் பிரிவின் அதிகாரி. அவர் சட்டையில் மட்டும் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்.

படக்காரர் அதை விரல் நுனியால் எடுத்து நீட்டுவார். "ரெண்டே நிமிஷம், மூச்சைப் பிடிச்சுக்கோ கண்ணு." பிடிக்கப்போவது அவர் மூச்சு இல்லையே.

இந்த வருஷம் உதவித்தொகையைப் பத்துப் பேரிலிருந்து நூறு பேருக்கு உயர்த்தினார்கள். பட்டியலில் கடைசிப் பெயர் படக்காரரின் மகளுடையது. படத்துக்கு முதல் ஆளாய் வந்து நின்றாள், மஞ்சள் சட்டையும் தெத்துப்பல் சிரிப்புமாக. அப்படியே எடுத்துவிட்டார்.

அதிகாரி படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "யாருய்யா இது, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி? இந்தச் சிரிப்புக்கு எவன் குடுப்பான்?"

"என் பொண்ணு சார்."

"அப்ப வேலை சுலபம். நாளைக்கு நூறு பேரும் வராங்க. இவளையும் அந்தச் சட்டையில எடு. இல்லைன்னா இடம் வேற ஆளுக்கு."

"போட்டுக்கறேன்ப்பா," என்றாள் மகள். "ரெண்டு நிமிஷ நாத்தம், நாலு வருஷப் படிப்பு. லாபம்தானே?"

அவள் போன பிறகு சட்டையை முதன்முறையாக மூக்கருகே கொண்டுபோனார். தொண்ணூறு பிள்ளைகளின் புளித்த வியர்வை. ஓடிப்போய் வாந்தி எடுத்தார். குமட்டியது சட்டையா, தானா என்று அவருக்கே பிடிபடவில்லை.

வாயைக் கழுவின கையோடு சட்டையைக் குழாயடியில் போட்டார். சாக்கடை நிறத்தில் தண்ணீர் ஓடியது. மூன்றாம் கசக்கலில் காலர் கழன்றது, ஐந்தாவதில் கை. மிச்சம் தரை துடைக்கக்கூட உதவாது.

மறுநாள் வாசலில் நூறு பிள்ளைகள்.

"சட்டை எங்கேய்யா?"

"துவைச்சேன் சார். வறுமை போயிடுச்சு."

அதிகாரி குதித்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பிள்ளைகள் சொந்தச் சட்டையிலேயே நின்றார்கள். மஞ்சள் சட்டைக்காரியும் அச்சேறினாள்.

ஒரு மாதம் படக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பணம் வராவிட்டால் நூறு பேர் படிப்பும் அவர் தலையில்தான் விடியும்.

வந்தது. நூறு பேருக்கும் போதுமான பணம். கொடுத்தவர்களில் பதினோரு பேர் தொலைபேசியிலும் வந்தார்கள், ஒரே குறையோடு: புத்தகத்தில் என் பெயரை ஏன் இத்தனை சின்னதாய்ப் போட்டீர்கள்? பிள்ளைகள் இருந்த பக்கங்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பழைய பிள்ளைகள் யாராவது தெருவில் பார்த்து, "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கிட்டே வந்தால், இப்போதெல்லாம் படக்காரர்தான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்.