பின்சீட்டுக்கு ஒரு லென்ஸ்

'டக்... டக்' என்று கார் ஷெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அடுக்களையில் மரச்சீனிக்கிழங்கு வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்த பகவதி காதைக் கொடுத்தாள். அடுத்து, செருப்பு பின்னோக்கித் தேய்கிற ஓசை. அப்புறம் சுவரில் முதுகு மோதும் 'தொம்'.

"இடிச்சாச்சா?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

"நான் எங்க இடிச்சேன்? செவருல்லா இடிச்சுது" என்றார் முருகதாஸ்.

தக்கலை வட்டாரத்தில் பழைய கார் விற்கிற வீடுகளுக்கெல்லாம் அவளுடைய கணவரைத் தெரியும். வண்டி கைமாறும் முன் வீட்டார் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முருகதாஸ்தான் வரவேண்டும். வந்ததும் பானட்டை மெல்லத் தட்டி, "வெப்ராளப்படாத மக்கா, போற எடம் நல்ல எடந்தான்" என்று வண்டியைத் தேற்றுவார். அந்த வீட்டுப் பெண்கள் அங்கேயே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள். "போன்ல எடுத்தா என்ன?" என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். "போன்ல எடுத்தது போனோட போவும்லே!"

அவரிடம் இருந்தது ஒரே லென்ஸ். முழு வண்டியும் அதில் அடங்கவேண்டுமென்றால் பின்னால் போய்க்கொண்டே இருக்கவேண்டும். நாஞ்சில் நாட்டில் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் வயலோ குளமோ வந்துவிடும். தோவாளையில் ஒரு பூ வியாபாரியின் வேனைப் படமெடுக்கப் போய் வாய்க்காலில் இறங்கிவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, "ஆரும் அசையாதீங்க, இங்கேருந்துதான் வண்டி ஒழுங்கா தெரியுது" என்றாராம்.

அதனால்தான் இன்றைக்கு நாகர்கோவில் கேமரா கடையிலிருந்து எட்சன் இரண்டு லென்ஸ்களோடு வந்திருந்தான். தூரத்திலிருந்து எடுக்க நீளமானது ஒன்று, கிட்ட நின்றே முழுசையும் அடக்கக் குட்டையானது ஒன்று. ஏதாவது ஒன்றை முருகதாஸ் எடுத்துக்கொள்ளவேண்டும். சோதித்துப் பார்க்க ஷெட்டில் நின்றது அவருடைய சொந்த வெள்ளை அம்பாசடர். அறுவைசிகிச்சை செய்த முழங்காலால் இனி கிளட்சை மிதிக்க முடியாது. நாளைக் காலையில், அதை விலைக்கு வாங்கிய திருவனந்தபுரத்துக்காரர் வந்து வண்டியை எடுத்துப்போகிறார். ஊரார் வண்டிகளையெல்லாம் படமெடுத்து வழியனுப்பியவர், தன் வண்டியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

பகவதி சாயாவோடு வந்தபோது அவர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று நீள லென்ஸால் பார்த்துக்கொண்டிருந்தார். "கொள்ளாம். புதுசா வாங்குனப்ப நின்ன நிப்பு" என்றார். ஆனால் முகத்தில் நிறைவில்லை. உள்ளே வந்து குட்டை லென்ஸை மாட்டினார். "இது என்னடே, மோறையில கொளவி கொத்துன மாதிரி வீங்கிட்டு இருக்கு?"

"கிட்ட நின்னா முன்பக்கம் அப்படித்தான் தெரியும் அண்ணாச்சி. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க. நான் நாரோயிலுக்குப் போண்டாமா?"

முருகதாஸ் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பகவதியும் அங்கேயே பார்த்தாள். இந்த மனுசன் மறக்கவில்லை!

அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலில் தாலி கட்டி முடித்த அன்று, இதே அம்பாசடரை ஓட்ட வரவேண்டிய ஆள் வரவே இல்லை. மாப்பிள்ளையே கழுத்து மாலையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்சீட்டில் மணப்பெண்ணும் நாத்தனாரும் மட்டும். அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு இந்த வண்டியைக் கேட்டு வாங்கிப்போன எத்தனையோ மணமக்கள் அந்தச் சீட்டில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு மட்டும் அப்படியொரு படம் இல்லை. புதுப்பெண்ணாக இருந்தபோது ஒருமுறை அவள் அதைச் சொல்லி அழுததுண்டு. அதோடு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவர் ஓட்டும்போதெல்லாம் அவள் இடம் முன்சீட்டுதான்.

"ஏட்டி, பின்னால ஏறு" என்றார் முருகதாஸ்.

"எண்ணெ வடியுற மொகத்தோடயா? கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"நாளைக்கு ஏற முடியாது பகவதி."

அவள் ஏறினாள். கேமராவை எட்சனிடம் கொடுத்துவிட்டு அவரும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். எட்சன் முன்சீட்டில் திரும்பி மண்டியிட்டு, முதலில் நீள லென்ஸால் பார்த்தான். "அக்காவுக்க மூக்குத்தி மட்டுந்தான் தெரியுது!" குட்டை லென்ஸை மாற்றினான். "ஆங்... ரெண்டு பேரும் இருக்கீங்க, சீட்டும் இருக்கு. அண்ணாச்சி, கொஞ்சம் நெருங்கி இருங்க. கல்யாணம் கழிஞ்சாச்சுல்லா?"

பகவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே கண்ணீராகிவிட்டது. 'டக்.'

"இது இங்க இருக்கட்டும். நீளமானத நீ கொண்டு போ" என்றார் முருகதாஸ்.

எட்சன் கேமராவை முன்சீட்டில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவனுடைய ஸ்கூட்டர் சத்தம் முக்குத் திரும்பி மறைந்தது. கிழங்கு ஆறிவிடுமே என்று பகவதி கதவைத் திறந்து இறங்கப் போனாள். முருகதாஸ் அவளைத் தாண்டிக் கையை நீட்டி, கார்க் கதவை இழுத்துச் சாத்தினார்.