வேம்புக்கும் பனைக்கும் நடுவில் ஒரு கிணறு

தை மாதத்துச் சனிக்கிழமை, காலை 6.40. திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவந்த லொறிகள் பலாலி வீதியை அடைத்துக்கொண்டு நிற்க, மச்சான் தயாபரனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டேன். மச்சான் என் மனைவியின் தம்பி; வயது ஐம்பத்தாறு. எங்கள் இருவருக்கும் நடுவில் சாக்குத் துண்டில் சுற்றிய காட்டுக்கத்தி ஒன்று இருந்தது. என் கழுத்தில் தொலைநோக்கி. இந்தக் கோலத்தில் போகிற இருவரில் பொலிசார் மறித்தால் யாரைப் பிடிப்பார்கள் என்று யோசித்தேன். மச்சானைப் பிடிக்கமாட்டார்கள். அவனைப் பார்த்தால் வேலைக்குப் போகிறவன் என்று தெரிந்தது.

போவது வசாவிளானுக்கு. திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர்தான். ஆனால் மச்சான் குடும்பத்துக்கு அந்தத் தூரம் கடக்க முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரோடு எழும்பி ஓடிவந்த பிறகு, அவர்களுடைய பத்துப் பரப்புக் காணி இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போய்விட்டது. போன வருடம் கம்பியைப் பின்னுக்கு நகர்த்தி அந்தத் துண்டை விட்டார்கள். மிதிவெடிகள் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். மனிதர் இல்லாத காலத்தில் காணி காடாகிக் கிடந்தது. அதைத் துப்பரவாக்க ஒன்பது மணிக்கு மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வருகிறது, மணித்தியாலத்துக்கு ஏழாயிரம். காணி விடுபட்ட எல்லோரும் ஒரே நேரத்தில் காடு வெட்டுவதால் பெக்கோவுக்குக் கலியாண மண்டபத்தை விடக் கிராக்கி. இன்று விட்டால் இனிச் சித்திரைக்குத்தான்.

நான் போனதற்குக் காரணம் வேறு. மனிதர் விலகினால் காடு எப்படித் திரும்பி வருகிறது என்று நிறைய வாசித்திருக்கிறேன். கட்டிலில் கிடந்து வாசித்தது. காட்டைக் காடாகவே ஒருதரம் பார்க்க ஆசை. மச்சான் என்னைக் கூட்டிக்கொண்டு போன காரணத்தை உரும்பிராய்ச் சந்தியில் காற்றோடு கத்திச் சொன்னான்.

"எல்லை பாக்கப் போகேக்குள்ளை ஒரு படிச்ச ஆள் பக்கத்திலை நிக்கவேணும் அத்தான். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிண்டால் காணும்."

"காணிக்குள்ளை பாழ்கிணறு கிடக்கெண்டு உன்ரை அக்கா சொன்னவள். எங்கையெண்டு தெரியுமோ?"

ஊரெழு தாண்டும்வரை வேகத்தைக் கூட்டினான். பிறகு, "அது என்ரை அலுவல்" என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டு காணிக்குப் பொதுவான பங்குக் கிணறு எல்லையிலேயே இருக்கும். வேலி கிணற்றடிவரை வந்து நிற்கும்; கிணற்றைத் தாண்டி மறுபடி தொடங்கும். அவரவர் பக்கத்தில் நின்று அவரவர் அள்ளலாம். ஆகவே கிணறு எங்கே என்று தெரிந்தால் எல்லை எங்கே என்று தெரியும். இந்தக் கிணற்றின் சுற்றுச்சுவரைக் கல்லுக்காக யாரோ உடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அது மண்ணோடு மட்டமான ஒரு பொந்து. அதற்குமேல் முப்பது வருடத்துக் கொடி. அதற்குமேல் ஏறப்போவது பெக்கோ.

7.25. பிரதான வீதியிலிருந்து மண் ஒழுங்கைக்குள் இறங்கினோம். முதலில் வந்தது எங்களுக்கு முன்னமே விடுபட்டு, ஏற்கெனவே துப்பரவாக்கிய காணி. சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பற்றை விடாமல் உழக்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாராம். இப்போது காணி முழுக்க இடுப்பளவு பாதீனியக் களை. சின்ன வெள்ளைப் பூக்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ விரும்பிப் பயிரிட்டதுபோல் அழகு. மூன்று ஆடுகள் ஒழுங்கைக் கரையில் நின்று கிடைத்த காய்ந்த புல்லைத் தேடின. பாதீனியத்தை அவை திரும்பியும் பார்க்கவில்லை. கிளறிவிட்ட செம்மண் சும்மா கிடந்தால் யாராவது வந்து குடியேறத்தான் செய்வார்கள். முதலில் வருகிறவர்கள் நல்லவர்களாக இருப்பதில்லை.

அடுத்தது மச்சானின் காணி. மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினோம்.

கரையில் உடைமுள்ளும் நாயுண்ணிப் பற்றையும் கைகோத்து நின்றன. அவைதான் முன்வரிசை, அவற்றை வெட்டி உள்ளே போனால் வேம்புகள். காகமும் கொண்டைக்குருவியும் எச்சமிட்டு நட்ட வேம்புகள். வேம்பின் நிழலில் நாவல் கன்றுகள். மேலே முசுட்டைக் கொடியும் கொவ்வைக் கொடியும் ஒரு கூரை போட்டிருந்தன. வீடு இருந்த இடத்தில் இரண்டு சுவர். அவற்றை விழாமல் பிடித்திருந்தது ஆலமர வேர். வாசற்படியில் ஒரு மயில் நின்று, 'யாரைப் பார்க்க வந்தீர்கள்' என்பதுபோல் எங்களைப் பார்த்தது. மச்சான் பிறந்த வீட்டில் மச்சானிடம் அப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அவன் கல்லை எடுத்தான். மயில் அவசரப்படாமல் போனது.

"எல்லாத்தையும் வழிச்சுப்போட்டு இந்த இடத்திலைதான் திருப்பிக் கட்டுவன்" என்றான். "வாடகை வீட்டிலை சாகமாட்டன் அத்தான்."

இதற்கு எதிராகச் சொல்ல எந்தப் புத்தகத்திலும் ஒன்றும் இல்லை. நான் நிலத்தைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன். புடையன் பாம்புக்குப் பயம் பாதி, கிணற்றுக்குப் பயம் பாதி.

8.20. பக்கத்துக் காணிக்காரி புவனேஸ்வரி அக்கா இணுவிலிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். இளைப்பாறிய கணக்கு ரீச்சர். கையில் குடை, மழைக்கல்ல, சுட்டிக்காட்ட. அவருடைய பக்கமும் இதே காடுதான்.

"பெக்கோ வாறதெண்டு எனக்கு ஊரார் சொல்லித்தான் தெரியவேண்டிக் கிடக்கு, என்ன தயா?"

"என்ரை காணியை வழிக்கிறதுக்கு உங்களிட்டை ஏன் அக்கா கேட்கவேணும்?"

"உன்ரை காணி எதுவரைக்கும் எண்டதுதானே கேள்வி."

மச்சான் கிழக்கே கையை நீட்டினான். தூரத்தில் மூன்று வேம்புகள் ஒரு வரிசைபோல நின்றன. "உந்த வேம்புதான் எங்கடை வேலி. கிணறும் அதிலைதான்."

அக்காவின் குடை மேற்கே திரும்பியது. அங்கே ஒரு தனிப்பனை. "உந்தப் பனைதான் வேலி. கிணறு பனையடியிலை. உன்ரை கொப்பர் வேலியை எங்கடை பக்கம் அரக்கினதை நான் கண்ணாலை கண்டனான்."

"செத்த மனுசனை இழுக்காதேங்கோ!"

"அரக்கேக்குள்ளை உயிரோடைதானே இருந்தவர்?"

வேம்புக்கும் பனைக்கும் நடுவில் நல்ல பத்துப் பாகம், அதாவது அறுபது அடி, இருக்கும். இரண்டு பேரும் ஒரே கிணற்றில் முப்பது வருடத்துக்கு முன் தினமும் தண்ணீர் அள்ளியவர்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

9.10. பெக்கோ வந்தது. ஓட்டுநர் அன்ரன், குருநகர்க்காரர், முப்பது வயது மதிக்கலாம். பெக்கோவின் முன்கண்ணாடிக்குப் பின்னால் மாதா படமும் இரண்டு பிள்ளைகளின் படமும். இறங்கியதும் காட்டைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார்.

"கிணறு எங்கை அண்ணை?"

"வேம்படியிலை" என்றான் மச்சான்.

"பனையடியிலை" என்றார் அக்கா.

அன்ரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் ரெண்டு கிணறு சொல்லுறியள். நான் ஒரு கிணத்துக்குள்ளைதான் விழலாம். போன மாசம் அங்காலை ஒரு காணியிலை மாடு விழுந்தது. அது கத்தினாப் பிறகுதான் கிணறு இருக்கெண்டே தெரிஞ்சது."

நாலு பேரும் பனையடிக்குப் போனோம். காட்டுக்கத்தியால் வெட்டி, நீட்டுத் தடியால் சுற்றிச் சுற்றிக் குத்திப் பார்த்தோம். எங்கும் கெட்டி மண். அக்கா குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியோ? வேம்படிதான்" என்றான் மச்சான். குரலில் வெற்றி இருந்தது. முகத்தில் இல்லை.

"அப்ப வேம்புவரைக்கும் பயமில்லையோ அண்ணை?"

"வேம்புவரைக்கும் பயமில்லை."

பெக்கோ உறுமியது. முதல் வழிப்பிலேயே உடையும் நாயுண்ணியும் வேரோடு கிளம்பின. செம்மண் வாசம் எழுந்தது. கொக்குகள் எங்கிருந்தோ வந்து இயந்திரத்துக்குப் பின்னால் இறங்கிப் பூச்சி பொறுக்கின. காடு அழிந்தால் முதல் பந்தியில் சாப்பிடுகிறவர்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். ஒரு முயல் என் காலைத் தாண்டிக் கிழக்கே ஓடியது. ஓர் உடும்பு வீட்டுச் சுவரில் ஏறி, சுவர் ஆடியதும் இறங்கி, அதுவும் கிழக்கே போனது. மயில்கள் நாலைந்து நடந்தே போயின. எல்லாம் அக்காவின் பற்றைக்குள்.

"எல்லாரும் என்ரை பக்கம்தான் வருகினம்" என்றார் அக்கா. "நான் வெட்டேக்குள்ளை எங்கை போகுங்கள்?" வடக்கே, இன்னும் விடாத காணிகளின் முள்ளுக்கம்பிக்கு அப்பால் கறுத்த பச்சையாக மரங்கள் நின்றன. அதற்குள் தன் தங்கையின் காணி இருக்கிறது என்றார். அதுவும் விடுபட வேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்த்தி வைத்திருக்கிறாராம். நானும் விடுபட வேண்டும் என்றுதான் சொன்னேன். மனதாரச் சொன்னேன். ஆனால் அந்த மயில்களை மறுபடி பார்க்கவில்லை.

10.05. பெக்கோ பனையைத் தாண்டியது.

நான் தொலைநோக்கியால் வேம்புகளை நோக்கினேன். அவற்றுக்கு இப்பால், கொடி மூடிய ஒரு கிளையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் ஏழெட்டுத் தொங்கின. குருவிகள் புல் நாரோடு வந்துகொண்டிருந்தன. பூனையும் பாம்பும் எட்டாதபடி இவை தண்ணீருக்கு மேலே கூடு கட்டும் என்று வாசித்தது ஞாபகம் வந்தது. 'ஆகா, எவ்வளவு புத்தி' என்று குருவிகளை மெச்சினேன். இந்த வறண்ட பற்றைக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய மூளை மெச்சுவதில் மும்முரமாக இருந்தது.

மச்சான் என் பக்கத்தில் நின்றான். ஒவ்வொரு வழிப்புக்கும் அவன் கை சேட்டின் ஓரத்தைப் பிடித்து முறுக்கியது.

"என்னடாப்பா?"

"ஒண்டுமில்லை."

வாளி மறுபடி இறங்கியது. கொடித் திரை ஒன்று கிழிந்து சரிய, பின்னால் பருத்த பூவரசு ஒன்று தெரிந்தது. அதற்கு நேரே இன்னொன்று. இன்னொன்று. வேலிக்கதியாலாக, உயிர்வேலித் தடிகளாக, யாரோ நட்டவை, கேட்பாரற்று மரமாகி, அப்போதும் நேர் வரிசையில் நின்றன. நாலாவது பூவரசோடு வரிசை அறுந்து, அப்பால் மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளிக்கு மேலேதான் குருவிக்கூடுகள். அன்ரன் இடைவெளி வசதியாக இருக்கிறதென்று இயந்திரத்தை அதற்கு நேரே திருப்பினார்.

"அன்ரன்! நிப்பாட்டு! நிப்பாட்டடா, அதிலைதான் கிணறு!"

மச்சான் ஓடினான். இந்த வயதில், ஒரு செருப்போடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாளிக்கு முன்னால் போய் நின்றான். பெக்கோ குலுங்கி நின்றது. இயந்திரத்தை அணைத்த பிறகும் மண் மட்டும் நிற்கவில்லை. முன்சில்லுக்கு ஒரு முழம் தள்ளிக் கொடிகள் மெல்ல உள்ளே இழுபட்டன, கல்லொன்று விழுந்தது, கொஞ்சம் பொறுத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அன்ரன் இறங்கிவந்து எட்டிப் பார்த்தார். மாரி முடிந்த கிணறு. பாதிக்கு மேல் கறுத்த தண்ணீர். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"வேம்புவரைக்கும் பயமில்லையெண்டியள்."

மச்சான் நிலத்தில் குந்திவிட்டான்.

"தெரிஞ்சுதானே அண்ணை சொன்னியள்?"

"கிட்டப் போகேக்குள்ளை மறிப்பமெண்டு நினைச்சனான் தம்பி. பூவரசைக் கண்டாப் பிறகு… வாய் வரேல்லை. கடைசியாத்தான் வந்தது."

"கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் என்ரை பிள்ளையளுக்கு ஆர் வந்து சொல்லுறது? நீங்களோ?" அன்ரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்லோருக்கும் சுகமாக இருந்திருக்கும்.

அக்கா தன் தண்ணீர்ப் போத்தலை அன்ரனிடம் நீட்டினார். பிறகு யாரையும் பாராமல் சொன்னார்: "பனையடியிலை இல்லையெண்டு எனக்கும் தெரியும். நான் பூவரசெண்டு சொன்னால் இவன் வேம்பிலை நிப்பான். நடுவிலை வந்து முடியட்டுமெண்டு பனையைச் சொன்னனான்."

கணக்கு ரீச்சர் அல்லவா. கூட்டி இரண்டால் பிரிக்க நினைத்திருக்கிறார்.

அன்ரன் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஆனால் பூவரசுக்குக் கிட்ட இனி இயந்திரம் வராது என்றார். கிணற்றைச் சுற்றித் தடிகள் நட்டு, மச்சான் மாற்றுடுப்பாகக் கொண்டுவந்த சிவப்புச் சாரத்தைக் கிழித்துக் கட்டினோம்.

11.30. சமாதானம் என்று நினைத்து நான் முதற்தடவையாக வாயைத் திறந்தேன். "அப்ப பூவரசுதான் எல்லை. பிரச்சினை முடிஞ்சுது."

இருவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பூவரசு நட்டபோது கைமொத்தம். இப்போது கட்டிப்பிடிக்க முடியாத அடி. எல்லை அடிமரத்தின் இந்த விளிம்பா, அந்த விளிம்பா?

"நட்டது அப்பா. மரம் எங்கடை" என்றான் மச்சான். இதற்குள் எழும்பிவிட்டான்.

"பருத்தது என்ரை பக்கம். என்ரை பசளை" என்றார் அக்கா.

நில அளவையாளர் வந்து சொல்லட்டும் என்று முடிவாயிற்று. அதுவரை வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பாகம், அந்தப் பக்கம் இரண்டு பாகம், ஒருவரும் ஒரு கொப்பும் முறிக்கக்கூடாது. மற்றவர் முறித்தால் எல்லையை மாற்றினதாகக் கணக்கு. இரண்டு பேரும் அன்ரனைச் சாட்சி வைத்தார்கள். என்னையும் வைத்தார்கள்.

அப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். காணியின் முழு நீளத்துக்கும் நாலு பாக அகலத்தில் பூவரசு, வேப்பங்கன்று, முசுட்டை, குருவிக்கூடு, ஒரு கிணறு. அளவையாளர் வந்து, இருவரில் ஒருவர் ஒத்துக்கொள்ளாமல், வழக்காகி, தவணை போட்டு, பிள்ளைகள் கைக்குப் போய்… எங்கள் ஊர் எல்லை வழக்கை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எந்த வன இலாகாவும் இதற்கு மேல் உறுதியான காவல் போட முடியாது. அக்காவின் பற்றையிலிருந்து முயல் ஒன்று வந்து பூவரசடியில் நின்று காதைத் திருப்பியது. வழித்த செம்மண்ணைப் பார்த்தது. திரும்பிப் போகவில்லை.

பிற்பகல் 2.15க்குத் திருநெல்வேலி. வழியில் புன்னாலைக்கட்டுவனில் குடித்த தேத்தண்ணிக்கு மச்சானே காசு கொடுத்தான். என்னை இறக்கிவிட்டு, கேற்றடியில் நின்று, "என்ரை அக்காவுக்குக் கிணத்துக் கதையைச் சொல்லாதேங்கோ அத்தான்" என்றான். சொல்லவில்லை. காணி துப்பரவு என்று மட்டும் சொன்னேன்.

கை கால் கழுவிக்கொண்டு வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் போய் நின்றேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஆறடிச் சீமெந்து மதில். இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது. எல்லையில் எங்களுக்குள் இன்றுவரை ஒரு சொல் வந்ததில்லை. நெடுநேரம் பார்த்தேன். ஓர் ஓணான்கூட இல்லை.