முத்தலிப் காக்காவின் தகரம்

முத்தலிப் காக்காவைப் போல் உதைபந்தாட்டப் பைத்தியம் திருகோணமலையிலேயே கிடையாது. அவரைப் போல் ஆட்டம் பார்க்காத மனிதரும் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்; ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன். ஆட்ட நாள் வந்தால் இருப்புக் கொள்ளாது. எண்ணெய்த் தகரத்தைக் கழுத்தில் மாட்டி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, தம் கழகத்துச் சனத்தைப் பார்த்தபடி அடிப்பார். பந்தைப் பார்த்தால் கை தாளம் தப்பிவிடுமாம். கோல் விழுந்ததைக்கூட அவர் சனத்தின் முகத்தில்தான் காண்பார்.

சனத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. தகரம் கேட்கும்வரை கத்துவார்கள். நின்றால் மைதானத்துக்குள் இறங்குவார்கள். சண்டை என்றால் காக்கா முதலில் தகரம் அடிக்கும் தடியைத்தானே கீழே போடுவார்! எழுபத்துமூன்றாம் வருடம் அப்படி இறங்கி நடுவரின் சட்டையையும் கிழித்தாயிற்று. இனி இறங்கினால் கழகம் ஒரு வருடம் ஆட முடியாது என்று போட்டி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வருடம் அரையிறுதி. கோல் காப்பது காக்காவின் தம்பி ஸஹாப்தீன். காலையிலிருந்து காக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு வீடாக அலைந்தார்.

"இண்டைக்கு ஒருத்தரும் இறங்கப்படாது. தம்பிர ஆட்டத்தைக் கெடுத்துப்போடாதீங்க."

"நீங்க தகரத்தை நிப்பாட்டாதீங்க காக்கா. நாங்க அசைய மாட்டம்," என்றார்கள் பொடியன்கள்.

கழகம் ஒரு கோல் முன்னுக்கு நின்றது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார் நடுவர். முன்வரிசையின் முகம் கறுத்தது. சிலர் குனிந்து கல் பொறுக்கினார்கள். ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் காக்காவின் கையில். அவர் வெறி பிடித்தவர்போல் அடித்தார். வியர்வை கண்ணை எரித்தது. கம்பங்களுக்கு நடுவே தம்பி தனியே நிற்பான் என்ற நினைப்பு வந்ததும் மனம் கேட்கவில்லை. திரும்பிவிட்டார்.

ஸஹாப்தீன் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து அவன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. என்ன அழகு! காக்கா வாயைப் பிளந்து நின்றார்.

கையும் நின்றுவிட்டது.

இரண்டு பக்கத்தாலும் சனம் தம்மைத் தாண்டி ஓடியபோதுதான் அவருக்கு உறைத்தது. "நில்லுங்கடா!" என்று கத்தினார். யார் கேட்டார்கள்? ஆட்டம் கலைந்தது. சொன்னபடியே கழகமும் ஒரு வருடம் வெளியே போனது.

மாலையில் ஸஹாப்தீன் அடுப்பெரியும் குசினி வாசலில் தலை குனிந்தபடி இருந்தான்.

"நான் பிடிச்சதை ஒருத்தரும் காணல்லையே காக்கா."

காக்கா பக்கத்தில் குந்தினார்.

"நான் கண்டனான்டா, தம்பி."