கோ ஷ்வேவுக்கு வளைகாப்பு

பர்மாவில், அலோன் படகுத்துறைப் பக்கம் அரிசிக் கிடங்கில் கூட்டுகிற வேலைக்குப் போன முதல் நாள். மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ தடித்த கயிற்றைச் சுருட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஓரமாகத் தள்ளக் கை வைத்தேன். கயிறு மெதுவாக நகர்ந்து எனக்கு இடம் விட்டது. நான் போட்ட சத்தத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் ஓடி வந்தார்கள். மேஸ்திரி மட்டும் வெற்றிலையை மென்றபடி நின்றார்.

"பயப்படாத முனியம்மா. அதுவும் இங்க வேலை பாக்குறதுதான். ஒனக்கு முந்தியே சேந்தது."

எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கவும் செய்கிறாள். கிடங்கு வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அது மலைப்பாம்பு. முதலாளி காசிம் பாய் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தார். அதற்குக் கோ ஷ்வே என்று பெயர். ஷ்வே என்றால் தங்கம். கோ என்பது பர்மியர்கள் வாலிபப் பிள்ளைக்கு வைக்கிற மரியாதை. பெண் என்றால் மா என்பார்கள். ஆணா பெண்ணா என்று ஒருவரும் பார்த்ததில்லை. பாய் கோ என்று கூப்பிட்டார், எல்லாரும் கூப்பிட்டோம். காலையில் கிடங்கைத் திறந்ததும் அவர் முதலில் அதனிடம் போய் நலம் விசாரிப்பார். வீட்டில் மருமகனிடம்கூட அவ்வளவு பேசமாட்டார்.

எங்களுக்கும் அது வேண்டிய ஆள். கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு: தரையில் சிந்தின அரிசி கூட்டுகிறவளுக்கு. எலி இருந்தால் அந்த அரிசியில் பாதி புழுக்கையாக இருக்கும். கோ ஷ்வே இருந்ததால் நானும் என்னோடு கூட்டுகிற செல்லம்மாவும் சுத்தமான அரிசி அள்ளிக்கொண்டு போய் வீட்டில் உலை வைத்தோம். செல்லம்மா கையால் பொங்கல் வைத்தால் தெருவே மணக்கும். அது வேறு கதை.

ஒரு மழைக்காலத்தில் கோ ஷ்வே இரை எடுப்பதை நிறுத்தியது. வயிறு மட்டும் உப்பியே இருந்தது. ஒரே இடத்தில் சுருண்டு கிடந்தது. நான் ஆறு பெற்றவள், செல்லம்மா நாலு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகென்ன? சாப்பாட்டு நேரத்தில் ஆண்கள் எல்லாம் கடையில் மொஹிங்கா மீன்சாறு குடிக்கப் போனதும் சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சோறு, சிவப்பு வளையல் என்று எல்லாம் கொண்டு வந்து வைத்துவிட்டோம். அப்புறம்தான் செல்லம்மா கேட்டாள், இதற்குக் கை எங்கே இருக்கிறது என்று. வாலில் போட்டோம். ஆறு வளையலும் அழகாக ஏறின. அது மறுப்பே சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பாயின் சம்சாரம் ஆயிஷாம்மா கிடங்குக்கு வந்தார். சந்தனப் பொட்டையும் வாலையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டார், சொன்னோம். அன்றைக்கே வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. பெண் பாம்பென்றால் முட்டை போடும், மூட்டைக்கு மூட்டை குட்டி நெளியும், சுமை தூக்க ஒருத்தன் வரமாட்டான் என்று ஆயிஷாம்மா சொன்னாராம். ஆணென்றால் இருக்கட்டும். பெண்ணென்றால் மாவ்பியில் இருக்கிற புத்த மடத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பாய்க்குச் சோறு இறங்கவில்லை. எங்களுக்கும்தான்.

மாவ்பியிலிருந்தே ஒரு பாம்புக்காரர் வந்தார். பெயர் ஊ ஞுன். வளையல்களை அவரே உருவி என்னிடம் கொடுத்தார், முகத்தில் சிரிப்பில்லாமல். பிறகு பையிலிருந்து மழமழவென்று ஒரு மெல்லிய கம்பியை எடுத்து எண்ணெய் தடவினார். வாலுக்கு அடியில் மெதுவாக விடுவாராம். ஆழமாகப் போனால் ஆண், கொஞ்சமாகப் போய் நின்றால் பெண். பாய் கண்ணை மூடிக்கொண்டார். கம்பியைப் பிடித்தபடியே ஊ ஞுன் பர்மியப் பேச்சில் ஒன்று கேட்டார்: இந்தக் கிடங்கில் வேறு பாம்பு இருக்கிறதா?

இல்லை என்றோம்.

அப்படியானால் குட்டிக்குத் தகப்பன் யார் என்றார்.

ஆறு பெற்ற நானும் நாலு பெற்ற செல்லம்மாவும் தரையைப் பார்த்தோம். ஆயிஷாம்மாவுக்கும் ஐந்து பிள்ளைகள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. இது சட்டை உரிக்கப்போகிறது, அதுதான் இரை எடுக்கவில்லை, வயிற்றில் இருப்பது பழைய இரை என்றார் ஊ ஞுன்.

ஆயிஷாம்மா அத்துடன் விடவில்லை. பெண்ணாக இருந்தால் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு ஆண் வராதா என்று கேட்கச் சொன்னார். வரலாம் என்றார் ஊ ஞுன். ஆணாக இருந்தால் பெண் வரலாம். எதுவானாலும் பின்பக்கத்துச் சாக்கடை ஓட்டையை அடைத்துவிட வேண்டியதுதான். இப்போது பார்க்கவா, வேண்டாமா என்று கம்பியைத் தூக்கிக் காட்டினார்.

பாய் கண்ணைத் திறந்தார், சம்சாரத்தைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, ஆணுன்னா ஓட்டைய அடைக்கணும். பொண்ணுன்னாலும் ஓட்டையத்தானே அடைக்கணும்?"

ஆயிஷாம்மா என்னை முறைத்தார். பிறகு பாயிடம் திரும்பினார்.

"அப்பறம் எதுக்குங்க அதப் போட்டுக் குத்தணும்? கொத்தனாரக் கூப்புடுங்க."

பாய் அங்கேயே உட்கார்ந்து கோ ஷ்வேயின் தலையைத் தடவினார். கண்ணில் தண்ணீர். ஊ ஞுன் கம்பியைத் துடைத்துப் பையில் வைத்தார், தேநீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான் பிள்ளைகளே. வேலை செய்யும் இடத்தில் எதையாவது கிளறிப் பார்க்கத் தோன்றினால், தெரிந்த பிறகு என்ன செய்யப்போகிறோம் என்று முதலில் கேளுங்கள். இப்படியானாலும் அப்படியானாலும் செய்யப்போவது ஒன்றுதான் என்றால், அதைத் தூங்க விட்டுவிட்டு ஓட்டையை அடைக்கப் போங்கள்.